கவிழ்ந்த காரை யார் தூக்குவது?

எங்கள் ஆர்சி கார் குழுவில் ஒருவர் போன ஆடியில் ஒரு யோசனை சொன்னார். "மார்ஷல் நிக்கறதுக்கு ரெண்டு பசங்களை வெச்சுக்கலாமுங்க. ஆளுக்கு ஐநூறு குடுத்தா நாள் முழுக்க நிப்பாங்க. நாம எதுக்கு வெயில்ல காயோணும்?" மார்ஷல் என்றால் பந்தயத்தில் கவிழும் கார்களை நிமிர்த்தி வைப்பவர். யோசனை சொன்னவர் சோம்பேறி இல்லை. ஐம்பதைத் தாண்டியவர், முழங்கால் வலி, வாரம் முழுக்க பம்ப் கம்பெனியில் நின்றபடியே வேலை. கேட்டவர்களில் பாதிப் பேர் தலையாட்டினார்கள். எனக்கு அப்போது எந்தப் பக்கமும் சேரத் தோன்றவில்லை. ஆனால் அந்த யோசனை அன்றிலிருந்து மண்டைக்குள் கிடந்து குடைகிறது. குழு என்று பார்த்தால் பத்துப் பதினைந்து பேர், ஓட்டுவது ரிமோட் கார். இதற்குள் இவ்வளவு யோசிக்க என்ன இருக்கிறது என்று வீட்டில் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான்.

நாங்கள் ஓட்டுவது கோவையின் புறநகரில் ஒரு கல்யாண மண்டபத்தின் கார் நிறுத்துமிடத்தில். நல்ல தார்த்தரை, சுற்றுச்சுவர், கழிப்பறை, ஒரு வேப்பமரம். ஒரே சிக்கல், முகூர்த்த நாளில் இடம் கிடைக்காது. அதனால் எங்கள் பந்தயக் காலண்டரைப் பஞ்சாங்கம்தான் தீர்மானிக்கிறது. ஆடியும் மார்கழியும் எங்களுக்கு சீசன், தையும் ஆவணியும் ஓய்வு. மார்கழி சொர்க்கம். ஆடி அப்படியில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று ராத்திரியோடு ராத்திரியாக தரை முழுக்க மண்ணைத் தூவிவிட்டுப் போயிருக்கும். அந்த மண்மேல் டயர் பிடிக்கவே பிடிக்காது. காலையில் முதல் வேலை பெருக்குவது. அப்புறம் சொட்டுநீர்ப் பாசனத்துக்கு வாங்கும் கறுப்புக் குழாயை வளைத்து ஆணியடித்து பாதையின் ஓரம் போடுவது. தார்த்தரையில் சர்க்கரைத் தண்ணீர் தெளித்தால் டயருக்குப் பிடிப்பு கூடும் என்பது உலகம் முழுக்க ஆர்சிக்காரர்கள் செய்வதுதான். நாங்களும் தெளித்துப் பார்த்தோம். பிடிப்பு வந்தது, கூடவே எறும்பும் வந்தது. மண்டபத்து மேனேஜர் சொன்னதை இங்கே எழுத முடியாது.

வெளியே நின்று ஓட்டுவது

இந்தக் கார்களை ஓட்டிப் பார்க்காதவர்களுக்கு ஒரு விஷயம் சட்டென்று புரியாது. கார் நம்மைவிட்டு விலகிப் போகும்போது எல்லாம் சரியாக இருக்கும். வலப்பக்கம் திருப்பினால் வலப்பக்கம் போகும். அதே கார் திரும்பி நம்மை நோக்கி வரும்போது அதன் வலது நமக்கு இடது. புதிதாக வருபவர்கள் எல்லோரும் முதல் வளைவைத் தாண்டி இரண்டாவது வளைவில் சுவரில் கொண்டுபோய்ச் சாத்துவது இதனால்தான். சிலர் கையிலிருக்கும் ரிமோட்டோடு (ட்ரான்ஸ்மிட்டர்) உடம்பையே திருப்பிக்கொள்வார்கள். பழகப் பழக, யோசித்து மாற்றுவது நின்றுவிடும். நாம் ஓட்டுபவர்களுக்கான மேடையில் நிற்கிறோம் என்பதே மறந்து, அந்தக் காருக்குள் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்திருப்பதுபோல் கை தானாகத் திருப்பும். என்னைக் கேட்டால் இந்தப் பொழுதுபோக்கின் சுகமே அங்கேதான் இருக்கிறது. வேகம் இரண்டாம் பட்சம்.

வேகம் என்றதும் ஒரு கணக்கு. எங்களில் பெரும்பாலோர் வைத்திருப்பது 1/10 அளவு கார், டாமியா என்ற ஜப்பானிய நிறுவனத்தின் டிடி-02 (TT-02). 2013இல் வந்த சேஸிஸ் (அடிச்சட்டம்), நான்கு சக்கரத்துக்கும் ஷாஃப்ட் வழியாக இழுவை, கூடவே 540 என்ற அளவில் ஒரு சாதாரண மோட்டார். கிட்டோடு வருவதை அப்படியே மாட்டினால் மணிக்கு 25, 30 கிலோமீட்டர் போகும். பத்தால் பெருக்கினால் நிஜக் காரின் முந்நூறு கிலோமீட்டர் வேகத்துக்குச் சமம் என்று சில பேர் பெருமையடிப்பார்கள். அது கண்ணைக் கட்டும் கணக்கு. கார் சின்னதானதால் புவியீர்ப்பு சின்னதாகிவிடுவதில்லை. ஒரு மீட்டர் உயரத்திலிருந்து எது விழுந்தாலும் அரை நொடிக்குள் தரையைத் தொட்டுவிடும். அளவு பத்தில் ஒன்றானால், விழுவதும் உருள்வதும் மூன்று மடங்கு சீக்கிரம் நடந்து முடியும். பத்தின் வர்க்கமூலம் மூன்று சொச்சம், அவ்வளவுதான் விஷயம். அந்தக் கணக்குப்படி பார்த்தால் எங்கள் முப்பது, நிஜக் காரின் தொண்ணூற்றைந்து. பெருமை குறைந்தாலும் கஷ்டம் குறையவில்லை. முப்பது கிலோமீட்டர் என்றால் நொடிக்கு எட்டு மீட்டருக்கு மேல். கண் பார்த்துக் கை அசையக் கால் நொடி ஆனால் அதற்குள் கார் இரண்டு மீட்டர் தள்ளிப் போயிருக்கும். அரை மீட்டர் நீளம்கூட இல்லாத கார் அது. அதனால் கார் கவிழும். எல்லோருடைய காரும் கவிழும். குழாயில் ஒரு முன்சக்கரம் ஏறினால் போதும், கண்ணை மூடித் திறப்பதற்குள் ஆமை மாதிரி மல்லாந்து கிடக்கும்.

ஓட்டுபவர் மேடையைவிட்டு இறங்கக் கூடாது. அப்படியானால் அந்தக் காரை யார் நிமிர்த்துவது? அங்கேதான் மார்ஷல் வருகிறார்.

மூலையில் நிற்பவர்

ஆர்சி பந்தயங்களில் பரவலாக உள்ள வழக்கம் இது. ஐந்து நிமிட ஓட்டம் முடிந்ததும் ஓட்டியவர்கள் ட்ரான்ஸ்மிட்டரை மேசையில் வைத்துவிட்டு, ஆளுக்கொரு வளைவுக்குப் போய் நிற்க வேண்டும். அடுத்த ஐந்து நிமிடம் அடுத்த குழுவின் கார்களைத் தூக்கி வைப்பது அவர்கள் பொறுப்பு. பெரிய போட்டிகளிலும் இதுதான் நடைமுறை. நிற்காமல் நழுவியவருக்கு அவருடைய நல்ல ஓட்டத்தைக் கணக்கிலிருந்து எடுத்துவிடும் இடங்கள் உண்டு. நாங்களும் அதையே எழுதி வைத்திருக்கிறோம்.

பார்க்கச் சின்ன வேலை. ஆனால் அதற்கும் ஒரு தேர்ச்சி வேண்டும். கார்கள் வரும் திசையைப் பார்த்து நிற்க வேண்டும், கைபேசியை அல்ல. ஒரு கார் கவிழ்ந்ததும் ஓடக் கூடாது, முதலில் பின்னால் வருவதைப் பார்க்க வேண்டும். தூக்கும்போது சேஸிஸைப் பக்கவாட்டில் பிடிக்க வேண்டும். சக்கரத்தைப் பிடித்தால், மேடையில் இருப்பவர் பதற்றத்தில் விசையை அழுத்தியே வைத்திருக்க, விரல் காலி. பந்தயத்தில் போகும் கார் ஒன்றின் பாதையில் இன்னொரு காரை வைக்கக் கூடாது. இரண்டு கார் ஒன்றாகக் கவிழ்ந்தால் நடுப்பாதையில் கிடப்பதுதான் முதலில், அது யாருடையதாக இருந்தாலும். உடைந்திருந்தால் திரும்ப வைக்காமல் ஓரம் எடுத்து வைக்க வேண்டும். இதெல்லாம் ஐந்து நிமிடத்தில், ஆடிக்காற்றில் கண்ணில் மண் விழ, நடக்க வேண்டும்.

எனக்கு இதில் பிடித்தது வேறொன்று. நின்றபடி நான் தூக்குவது பெரும்பாலும் என்னோடு புள்ளிக்குப் போட்டி போடுபவரின் காரை. எங்களிடம் சிவப்பு வண்டிக்காரர் என்று ஒருவர் இருக்கிறார் (நாங்கள் பெயரைவிட பாடியின் நிறத்தைச் சொல்லித்தான் கூப்பிடுவோம்). பாலிகார்பனேட் பாடிக்கு உள்பக்கம் இருந்து பெயின்ட் அடிப்பதில் கோவையில் அவரை மிஞ்ச ஆள் இல்லை என்பது என் கட்சி. கண்ணுக்கு முதலில் தெரிய வேண்டிய நிறத்தை முதலில் அடித்து, தெரிய வேண்டாததைக் கடைசியில் அடித்து, எல்லாம் தலைகீழாக யோசிக்க வேண்டிய வேலை அது. போன மார்கழியில் அவரும் நானும் ஒரு புள்ளி வித்தியாசத்தில் இருந்தோம். கடைசி ஹீட்டில் (ஒரு குழுவின் ஐந்து நிமிட ஓட்டம்தான் ஹீட்) அவருடைய கார் என் காலடியில் கவிழ்ந்தது. ஒரு நொடி தாமதித்தால் பட்டம் எனக்கு. யாருக்கும் தெரியாது, பின்னால் கார் வந்தது என்று சொன்னால் முடிந்தது. கை அதற்குள் தூக்கி வைத்துவிட்டது. நான் நல்லவன் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அடுத்த பந்தயத்தில் என் கார் கவிழும் வளைவில் அவர் நிற்பார் என்பது கைக்குத் தெரிந்திருந்தது.

கவிழ்ந்த காரில் ரகசியம் எதுவும் மிஞ்சாது என்பதும் ஒரு லாபம். கையில் எடுத்த அந்த இரண்டு நொடியில் மோட்டார் எவ்வளவு சூடு, டயர் உள்விளிம்பில் தேய்கிறதா வெளிவிளிம்பிலா, ஸ்பர் கியரில் (மோட்டார் சுழற்றும் பெரிய பல்சக்கரம்) பல் போயிருக்கிறதா, எல்லாம் தெரிந்துவிடும். சிவப்பு வண்டிக்காரரின் கார் திருப்பத்தில் ஏன் அவ்வளவு அமைதியாகப் போகிறது என்பதை நான் கற்றது அவரிடம் கேட்டு அல்ல, அதைத் தூக்கிப் பார்த்துத்தான். பின்சக்கரத் தாங்கிகளில் உள்ளே ஒரு அலுமினியத் துண்டு இருந்தது. கோவை கணபதிப் பகுதியில் ஒரு லேத் பட்டறையில் கடைந்ததாம். 2020இல் பொம்மைகளுக்கு இறக்குமதி வரியை 20 சதவீதத்திலிருந்து 60 ஆக்கினார்கள், 2023இல் 70. சுங்க அட்டவணையில் பொம்மைகளும் அளவு குறைத்த மாதிரிகளும் ஒரே தலைப்பின் கீழ்தான், ஓடினாலும் ஓடாவிட்டாலும். கோவைக்காரன் இதற்கு என்ன செய்வான்? லேத்துக்குப் போவான். அடுத்த மாதம் எங்கள் கார்கள் பாதியில் அந்தத் துண்டு இருந்தது.

டாமியா நிறுவனம் 1976இல் தன் முதல் ரேடியோ கன்ட்ரோல் காரான போர்ஷே 934ஐக் கொண்டுவந்த கதை எங்கள் வட்டத்தில் அடிக்கடி பேசப்படும். அதற்கு அடிப்படையான பிளாஸ்டிக் மாதிரியை வடிவமைப்பதற்காக ஒரு நிஜ போர்ஷே 911ஐயே விலைகொடுத்து வாங்கி, ஜப்பானின் ஷிசுவோகாவில் வைத்துப் பிரித்துப் பார்த்தார்களாம். அடுத்தவன் செய்ததைக் கையில் எடுத்துப் பிரித்துப் பார்க்கும் ஆசையில்தான் டாமியாவின் ஆர்சி கார்களே தொடங்கியிருக்கின்றன. மூலையில் நிற்பவனுக்கு அது இலவசமாகக் கிடைக்கிறது.

ஐநூறு ரூபாய்

சரி, யோசனைக்கு வருவோம். அந்த ஞாயிறே செய்து பார்த்துவிடலாம் என்று முடிவானது. மண்டபத்தில் பந்தி பரிமாற வரும் கல்லூரிப் பையன்கள் இரண்டு பேரைக் காவலாளி கூட்டிவந்தார். ஆடியில் கல்யாணம் இல்லை, அவர்களுக்கும் வேலை இல்லை. எங்கள் சீசன் அவர்களுடைய வறட்சி. யோசனை சொன்னவர் இதைத்தான் பெரிதாகப் பேசினார். "அவங்களுக்கும் நாலு காசு கெடைக்குமில்லீங்களா." இதற்கு என்னிடம் அன்றும் பதில் இல்லை, இன்றும் இல்லை. டென்னிஸ் கிளப்பில் பந்து பொறுக்கிப் போட ஆள் இருக்கிறார்கள், கோல்ஃபில் பை தூக்க ஆள் இருக்கிறார்கள், யாரும் அதைப் பற்றிக் கட்டுரை எழுதுவதில்லை.

பையன்கள் கெட்டிக்காரர்கள். ஐந்து நிமிடத்தில் வேலையைப் பிடித்துக்கொண்டார்கள். எங்களைவிட வேகமாக ஓடினார்கள், குனிந்தார்கள், நிமிர்ந்தார்கள். முதல் ஹீட்டில் எல்லோருடைய லேப் எண்ணிக்கையும் கூடியது. யோசனை சொன்னவர் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தார், முகத்தில் வெற்றி.

இரண்டாவது ஹீட்டில் மேடையிலிருந்து ஒரு குரல் வந்தது. "டேய் நீலச் சட்டை! தூங்கறியா? எட்றா!"

கத்தியவர் எங்கள் குழுவிலேயே சாதுவான மனிதர். வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர், மஞ்சள் வண்டிக்காரர். மண்டபத்து நாயைக்கூட "இந்தப் பக்கம் வாங்க" என்றுதான் கூப்பிடுவார். இத்தனை காலமாக அவருடைய கார் என் வளைவில் கவிழ்ந்து, நான் தூக்கத் தாமதமாகி, அவர் சுற்று இழந்தது எத்தனையோ முறை. அதிகபட்சம் "கொஞ்சம் பாருங்க" என்பார், ஓட்டம் முடிந்ததும் அதற்கும் வந்து சாரி சொல்வார். அதே மனிதர், அதே மேடை, அதே கவிழ்ந்த கார். மூலையில் நின்ற ஆள் மட்டும் மாறியிருந்தார். அந்தக் குரல் அவருக்கே புதிதாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். ஆனால் ஒருவர் தொடங்கிவைத்ததும் மற்றவர்களுக்கும் அது வந்துவிட்டது. அரை மணி நேரத்துக்குள் மேடை முழுக்க "டேய்", "சீக்கிரம்", "அங்க இல்லடா, இங்க". தங்கள் பிள்ளைகளின் வயதுப் பையன்களைப் பார்த்து.

மதியத்துக்கு முன் மஞ்சளும் சிவப்பும் ஒரே வளைவில் ஒன்றாகக் கவிழ்ந்தன. நீலச் சட்டைப் பையன் சிவப்பை முதலில் எடுத்து வைத்தான். அதுதான் நடுப்பாதையில் கிடந்தது, சரியாகத்தான் செய்தான். ஆனால் ஓட்டம் முடிந்ததும் மஞ்சள் வண்டிக்காரர் இறங்கி வந்து, அவன் வேண்டுமென்றே சிவப்புக்குச் சாதகம் செய்ததாகச் சொன்னார். சிவப்பு வண்டிக்காரர் அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்ததை எல்லோரும் பார்த்திருந்தோம். பையன் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றான். அப்புறம் கேட்டான்: "ஏனுங்ணா, ரெண்டு வண்டியும் ஒண்ணா கவுந்தா நா எதைத்தான் மொதல்ல எடுக்கறது? அதை நீங்களே சொல்லிருங்க, அப்படியே பண்ணிர்றேன்."

அதற்கான பதில் எங்களில் எல்லோருக்கும் தெரியும். யாரும் வாயைத் திறக்கவில்லை. ஏனென்றால் பதிலைச் சொன்னால் அவன் செய்தது சரி என்றாகிவிடும், மஞ்சள் வண்டிக்காரரை எல்லோர் முன்னாலும் விட்டுக்கொடுத்ததாகிவிடும். நாங்களே மூலையில் நின்ற காலத்தில் இந்தச் சிக்கல் வந்ததில்லை. நான் இன்று உங்கள் காரை இரண்டாவதாக எடுத்தால், நீங்கள் நாளை என் காரை எடுக்கும்போது உங்களுக்கே அந்த நிலைமை வரும், புரிந்துவிடும். பையன் ஒருநாளும் மேடையில் ஏறப் போவதில்லை. அதனால் அவன் பட்ட கஷ்டம் எங்களுக்குப் புரிய வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று.

இன்னொன்றையும் அன்று கவனித்தேன், இது கொஞ்சம் தொழில்நுட்ப சமாசாரம். கார் மல்லாந்ததும் விசையை விட்டுவிட வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்த பாடம். அன்று பலரும் விடவில்லை. சக்கரம் அந்தரத்தில் கிர்ரென்று சுற்றிக்கொண்டே இருக்க, பையன் எடுத்துத் தரையில் வைத்ததும் கார் துள்ளிக்கொண்டு போய்க் குழாயில் மோதியது. இரண்டு பேருக்கு ஸ்பர் கியர் போயிற்று. மூலையில் நின்று, சுற்றும் சக்கரத்தில் ஒருமுறை விரல் பட்டவன் அப்படி ஓட்ட மாட்டான். ஓட்டம் முடிந்ததும் எல்லோரும் மரத்தடிக்குப் போய் ஆளுக்கொரு கைபேசியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அடுத்த ஹீட்டை யாரும் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய வேலை யாருக்கும் இல்லை.

சாயங்காலம் வாக்குவாதம். யோசனை சொன்னவர் விட்டுக்கொடுக்கவில்லை. பையன்களிடம் மரியாதையாகப் பேச வேண்டும் என்று விதி போட்டால் போயிற்று, அதற்காக முறையையே மாற்றுவானேன் என்றார். "வேர்ல்டு சாம்பியன்கூடத் தனியா எல்லாம் பண்றதில்லீங்க. மெக்கானிக் வெச்சுக்கறாங்க" என்றார். உண்மைதான். 1987இல் தொடங்கி 14 உலகப் பட்டங்கள் வென்ற ஜப்பானின் மசாமி ஹிரோசாகாவுக்கு மெக்கானிக் இருந்தார். ஆனால் அது அவருடைய அப்பா. நான் சொன்னது இதுதான்: செட்டிபாளையம் கரி ஸ்பீட்வேயில் நிஜக் கார் ஓடும் பந்தயத்துக்குப் போனால் வளைவுதோறும் கொடியோடு நிற்பவர்களைப் பாருங்கள். உலகம் முழுக்க, ஃபார்முலா ஒன் உட்பட, அந்த வேலையைச் செய்பவர்களில் பெரும்பாலோர் பந்தயப் பைத்தியம் பிடித்துத் தாங்களாக வந்து நிற்பவர்கள். கோடிக்கணக்கில் பணம் புரளும் இடத்திலேயே அப்படியென்றால், நாம் எதற்கு ஐநூறு ரூபாயில் முடிக்கப் பார்க்கிறோம்?

அவர் உடனே கேட்டார்: "அப்ப காலைல பெருக்கறதுக்கு மட்டும் ஆள் வெக்கலாமா?" நல்ல அடி. ஏனென்றால் இப்போது நாங்கள் செய்வது அதைத்தான். அதே இரண்டு பையன்கள் காலையில் வந்து மண்ணைப் பெருக்கி, குழாய் வளைத்துக் கொடுத்துவிட்டு, கூலி வாங்கிக்கொண்டு பத்து மணிக்குப் போய்விடுகிறார்கள். மார்ஷல் மட்டும் பழையபடி நாங்களே. முழங்கால் வலி உள்ளவர்களுக்கு மேடைக்குப் பக்கத்து வளைவில் நாற்காலி. பெருக்குவது கூலிக்குத் தகுந்தது, தூக்குவது தகாதது என்று எந்த நியாயத்தில் பிரித்தோம் என்று கேட்டால் என்னால் ஒழுங்காக விளக்க முடியாது. பெருக்கும்போது மேடையில் யாரும் இல்லை, கத்துவதற்கு வாய்ப்பில்லை. எனக்கு எட்டிய காரணம் அவ்வளவுதான். யோசனை சொன்னவருக்கு அது காரணமாகவே படவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடி அவர் இன்றும் அதையே சொல்கிறார், சொல்லிக்கொண்டே பக்கத்தில் கவிழும் காரை எட்டி எடுத்து வைக்கிறார்.

மார்கழி அட்டவணை போட்டாயிற்று. கார் இல்லாவிட்டாலும் வரலாம், ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கத் தருவோம். ஓட்டியதும் அடுத்த ஐந்து நிமிடம் ஏதாவது ஒரு வளைவில் நிற்க வேண்டியிருக்கும். அதனால் ஷூ போட்டுக்கொண்டு வாருங்கள், செருப்போடு நிற்க விடுவதில்லை.